புண்ணும் புள்ளியும்

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் கையில் ஒரு தாள் இருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மேலே ஒரு பெயர். அதன் கீழே ஆறு எண்கள். இடப்பக்கம் வாள், கேடயம், கயிறு, தீப்பந்தம், 40 பொற்காசு என்று ஒரு பட்டியல். நடுவில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் மட்டும் தாள் தாளாக இல்லை. பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, வடை வைத்த காகிதம்போல மெலிந்துவிட்டது. விளக்குக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கும் என் விரல் தெரிகிறது. ஓரத்தில் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஆடிய ஓர் ஆட்டத்தின் தாள் இது. அந்தக் கட்டத்தின் பெயர் 'ஹிட் பாயிண்ட்'. ஆடுகிறவர்கள் வாயில் 'ஹெச்.பி.'

இன்று நான் பேச வந்தது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான். ஒருவன் உயிரோடு இருப்பதை ஓர் எண்ணாக எழுதலாம் என்று எப்படித் தோன்றியது? அந்த எண் குறையும்போது உடம்பில் என்ன குறைகிறது? மந்திரம் சொல்லி அதைக் கூட்டும்போது எது குணமாகிறது? ஐம்பது வருடமாக ஆட்டக்காரர்கள் தமக்குள் வழக்காடிக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கான விடை நாம் தினமும் பேசும் ஒரு தமிழ் வினைச்சொல்லுக்குள் இருக்கிறது என்பது என் துணிபு. வழியில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துபவர், 'டன்ஜன் மாஸ்டர்' என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கத் தெரிந்த கைகாரர். "படி இறங்கி வருகிறீர்கள். எதிரே இரும்புக் கதவு. உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம்" என்பார் நடத்துபவர். "நான் கதவில் காது வைத்துக் கேட்கிறேன்" என்பார் ஒருவர். கேட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நான்கு முகப் பகடையிலிருந்து இருபது முகப் பகடை வரை உண்டு. பலகை கட்டாயமில்லை, ஜெயித்தவர் தோற்றவர் என்ற பேச்சும் இல்லை. பேசிப் பேசி ஒரு கதையைக் கூட்டாக வாழ்ந்து பார்ப்பதுதான் ஆட்டம்.

இந்த வகையில் முதன்முதலாக அச்சாகி விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஆண்டு 1974. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸ், பக்கத்து மினசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் உழைப்பு அது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதலில் அச்சடித்தது 1000 பெட்டி, விலை 10 டாலர்.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 1971இல், கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற போர் ஆட்ட விதிநூலை வெளியிட்டிருந்தார்கள். பொம்மை வீரர்களை மேசையில் அணிவகுத்து மோதவிடும் ஆட்டம். கணக்கு எளிது. சாதாரண வீரன்மேல் ஓர் அடி விழுந்தால் பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். நூலின் கடைசியில் சேர்த்த மாயக்கதைப் பகுதியில் மட்டும் 'ஹீரோ' என்று ஒருவன் வருவான். அவன் நான்கு ஆளுக்குச் சமம். நான்கு அடி ஒருசேர விழுந்தால்தான் சாவான். மூன்று விழுந்தால் ஒன்றும் ஆகாது. அடிபட்டவன் என்ற நிலையே அந்த ஆட்டத்தில் இல்லை. இருக்கிறான், அல்லது போய்விட்டான்.

ஆர்னெசனும் அவருடைய நண்பர்களும் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவர் கையில் ஒரு படை கிடையாது, ஒரே ஒரு பாத்திரம். அதற்குப் பெயர் வைத்து, ஊர் வைத்து, பகை வளர்த்து ஆடியபின், ஒரே அடியில் அவன் செத்துப்போனால் மனசு கேட்குமா? ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். ஆர்னெசன் தாம் முன்பே வடிவமைத்திருந்த வேறோர் ஆட்டத்திலிருந்து தீர்வை எடுத்ததாகப் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்கள் மோதும் கடற்போர் ஆட்டம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். 1862 மார்ச் 9, வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் ரோட்ஸ் கழிமுகம். 'மானிட்டர்', 'வர்ஜீனியா' என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மணிக்கணக்கில் ஒன்றையொன்று பீரங்கியால் அடித்துக்கொண்டன. குண்டு பட்ட தகடுகள் நசுங்கின, விரிசல் விட்டன. இரண்டில் ஒன்றும் மூழ்கவில்லை. இப்படிப்பட்ட கப்பலை ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் 'குண்டு பட்டதா' என்ற கேள்வி போதாது. 'இன்னும் எவ்வளவு தாங்கும்' என்று கணக்கு வைக்க வேண்டும். கடற்போர் ஆட்டங்களில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்ததுதான். 1930களில் ஃப்ளெட்சர் பிராட் என்ற எழுத்தாளர் நியூயார்க்கில் நடத்திய ஆட்டத்திலும் ஒவ்வொரு கப்பலுக்கும் புள்ளி உண்டு, குண்டு பட்டால் புள்ளி கழியும்.

ஆக, நம் வீரனின் உயிர்க்கணக்கு கப்பலின் கணக்கிலிருந்து வந்தது. கவசத்தின் கடினத்துக்கு ஓர் எண், உள்ளிருக்கும் கூடு எவ்வளவு தாங்கும் என்பதற்கு இன்னோர் எண். இரும்புக்குப் போட்ட கணக்கு சதைக்கு வந்து சேர்ந்தது. கப்பலில் ஓட்டை விழுந்தால் பட்டறைக்கு இழுத்துப்போய்த் தகடு அடிக்கலாம். மனிதனை என்ன செய்வது?

அந்த வேலை ஒரு பாத்திரத்திடம் வந்து சேர்ந்தது: 'கிளெரிக்'. கவசம் அணிந்து, கையில் தண்டாயுதம் ஏந்தி, தெய்வத்தைத் துணைக்கு அழைக்கும் சமயத் தொண்டர். பிளாக்மூரில் ஒருவர் ரத்தக் காட்டேரியாக ஆடி மற்றவர்களை மிரட்டிக்கொண்டிருந்தார். அவரை எதிர்க்க ஒரு பாதிரியார் தேவைப்பட்டார். மைக் கார் என்பவர் அந்த வேடத்தை ஏற்றார். பேயோட்ட வந்தவர் பிறகு காயம் ஆற்றுபவராகவும் ஆனார். 1974இன் புத்தகத்தில் வாள்வீரன், மந்திரவாதி, கிளெரிக் என மூன்றே வகைப் பாத்திரங்கள். மூன்றில் ஒன்று குணப்படுத்துபவருடையது.

அந்த முதல் புத்தகத்தின் குணமாக்கும் மந்திரத்தைப் பாருங்கள். பெயர், 'சிறு காயம் ஆற்றல்' என்று சொல்லலாம். ஆறு முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். 2 முதல் 7 புள்ளி வரை திரும்பக் கிடைக்கும். அதைச் செய்து முடிக்க ஒரு முழு 'டர்ன்' ஆகும், அதாவது பத்து நிமிடம். சண்டை நடுவில் நடக்கிற காரியம் இல்லை. எதிரி ஓடிய பிறகு, கதவைச் சாத்தி, ஒருவர் காவல் நிற்க, இன்னொருவர் பந்தம் பிடிக்க, கிளெரிக் மண்டியிட்டு உட்கார வேண்டும். ஆட ஆடப் பாத்திரம் ஏறும் படிநிலையை 'லெவல்' என்பார்கள். முதல் லெவல் கிளெரிக்குக்கு அதுவும் கிடையாது. இரண்டாம் லெவலில்தான் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம்.

மந்திரம் இல்லாமல் தானாகத் தேற வேண்டுமென்றால்? முதல் நாள் முழு ஓய்வுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு புள்ளி. ஐந்து புள்ளி இழந்தவன் ஒன்றரை வாரம் படுத்திருக்க வேண்டும். 1977இல் தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்காக விதிகளைச் சுருக்கித் தொகுத்துத் தந்தவர் எரிக் ஹோம்ஸ். அவர் தொழிலால் நரம்பியல் மருத்துவர், பேராசிரியர். அவருடைய பதிப்பில், வீடு திரும்பி எடுக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வுக்கும் 1 முதல் 3 புள்ளி. கொஞ்சம் இரக்கம் கூடியிருக்கிறது. ஆனாலும் வீடு திரும்ப வேண்டும்.

இந்தக் கஞ்சத்தனம் ஆட்டத்துக்கு என்ன செய்தது என்பதை ஆடியவர்கள் அறிவார்கள். பாதாளத்தில் மூன்றாவது அறை. வாள்வீரனுக்கு இன்னும் நாலு புள்ளி. கிளெரிக்கின் மந்திரம் தீர்ந்துவிட்டது. எதிரே நாலாவது கதவு. "போகலாமா, திரும்பிடலாமா?" அந்த ஒரு கேள்வியில் மேசை முழுக்க மௌனமாகிவிடும். எண்ணெய் குறையக் குறைய விளக்கைப் பார்ப்பதுபோல அந்தக் கட்டத்தைப் பார்ப்போம். அன்றைக்கு ஹெச்.பி. எங்கள் கூட்டத்துக்கு ஒரு கடிகாரமாக இருந்தது. எவ்வளவு துணியலாம் என்று அது சொன்னது.

இனி, சிக்கலுக்கு வருவோம்.

கப்பல் வளராது. ஆனால் பாத்திரம் வளரும். லெவல் ஏற ஏறப் புள்ளியும் ஏறும். 1978, 79இல் வந்த விரிவான பதிப்பில், முதல் லெவல் வாள்வீரனுக்குப் பத்து முகப் பகடை ஒன்று. சராசரியாக ஐந்தாறு புள்ளி. நல்ல உடற்கட்டுள்ள பத்தாம் லெவல் வாள்வீரனுக்கு எண்பதைத் தாண்டும். நீள வாளின் ஒரு வீச்சு சாதாரண ஆள்மேல் 1 முதல் 8. தொடக்கத்தில் ஒரே வீச்சில் விழக்கூடியவன், பிறகு மிக மோசமான வீச்சுகளையே பத்து வாங்கினாலும் நிற்பான். மனிதனுக்கு எப்படிப் பத்து மடங்கு சதை வளரும்?

கைகாக்ஸ் 1979இன் நூலில் இதற்கு நீண்ட விளக்கம் கொடுத்தார். அதன் சாரம் இது: இந்தப் புள்ளிகளில் சதை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் போர்த் திறன், அதிர்ஷ்டம், ஆபத்தை முன்னுணரும் புலன், தெய்வத் துணை. புதியவனின் நெஞ்சைத் துளைத்திருக்கும் அதே குத்து, தேர்ந்தவனின் தோலைக் கீறிவிட்டுப் போகிறது. நல்ல விளக்கம். மல்யுத்தம் பார்த்தவர்களுக்கும் சிலம்பம் பார்த்தவர்களுக்கும் இது புரியும். பழகியவர் அடியை வாங்குவதே வேறு விதம்.

ஆனால் இந்த விளக்கத்தோடு மந்திரத்தைச் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பதிப்பில் சிறு காயம் ஆற்றும் மந்திரத்துக்கு எட்டு முகப் பகடை. புதிய வீரன் ஒருவன் குற்றுயிராகக் கிடக்கிறான். கிளெரிக் கை வைக்கிறார், பகடையில் ஏழு. எழுந்து உட்கார்ந்துவிட்டான், முழுக் குணம். பக்கத்தில் பெரிய வீரர் ஒருவர், எண்பதில் அறுபது இழந்து நிற்கிறார். கிளெரிக் கை வைக்கிறார், அதே ஏழு. அறுபது இழப்பில் ஏழு தேறியிருக்கிறது. புள்ளி என்பது சதையானால், குற்றுயிரை மீட்ட மந்திரத்துக்குச் 'சிறு காயம்' என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? புள்ளி என்பது திறனும் அதிர்ஷ்டமுமானால், காயம் ஆற்றுகிற மந்திரம் எதை ஆற்றுகிறது? அதிர்ஷ்டத்துக்கு மருந்து போட முடியுமா?

பழங்கதைகள் குணமாக்குதலை இப்படி ஒரே எண்ணில் அடைக்கவில்லை. கம்பன் மருத்துமலையைப் பேசும் இடத்தில் சாம்பவன் அனுமனிடம் நான்கு மருந்துகளைப் பிரித்துச் சொல்கிறான். இறந்தவரை எழுப்ப ஒன்று. பிளவுண்ட உடலைப் பொருத்த ஒன்று. தைத்த படைக்கலத்தை வெளியேற்ற ஒன்று. பழைய உருவைத் திருப்பித் தர ஒன்று. உயிர், உறுப்பு, ஆயுதம், தோற்றம் என்று நான்கு துயரம், நான்கு மருந்து. எப்படிக் காயம்பட்டது என்பதைப் பொறுத்தே எப்படி ஆறும் என்பது. ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக எழுதத் தொடங்கியபோது இந்த வேறுபாடு கையை விட்டுப் போனது.

அதை மீட்க முயன்றவர்கள் உண்டு. 1978இல் கேயாசியம் நிறுவனத்திலிருந்து 'ரூன்குவெஸ்ட்' வந்தது. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் ஸ்டீவ் பெரின். இடைக்காலப் போர்முறையைப் பிரம்பு ஆயுதங்களோடு மெய்யாகவே ஆடிப் பழகும் சங்கத்தில் ஊறியவர். கேடயத்தில் விழும் அடி தோளில் எப்படி இறங்கும் என்பதை உடம்பால் அறிந்தவர். அவருடைய ஆட்டத்தில் புள்ளி லெவலோடு வளராது. உடலுறுதியையும் உடல் அளவையும் வைத்து ஒரு தொகை, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டை ஒட்டி. அந்தத் தொகையை வைத்துத் தலை, மார்பு, வயிறு, இரு கை, இரு கால் என்று ஏழு இடத்துக்கும் தனித்தனிப் புள்ளி. வலக்கையில் பலமாக அடிபட்டால் வாள் நழுவும். காலில் பட்டால் ஆள் விழுவான். குணமாக்கும் மந்திரத்தை இன்ன உறுப்புக்கு என்று சொல்லித்தான் போட வேண்டும். அந்த ஆட்டத்தின் உலகமான குளொராந்தாவைப் படைத்தவர் கிரெக் ஸ்டாஃபோர்ட். அங்கே சலானா அராய் என்று ஒரு குணமாக்கும் தெய்வம் உண்டு. அந்தத் தெய்வத்தின் அடியார்கள் எவரையும் காயப்படுத்துவதில்லை என்று விரதம் பூணுவார்கள். காயத்துக்கு உடம்பில் ஓர் இடம் கொடுத்ததும் குணமாக்குதலுக்கும் ஓர் அறம் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வேறு திசையில் நடந்தது. கிளெரிக்காக ஆட ஆள் கிடைப்பதில்லை என்பது எல்லா மேசைகளிலும் பழைய குறை. மற்றவர் வாள் வீசும்போது, தன் முறையை அடுத்தவர் காயத்துக்குக் கொடுத்துவிட்டு உட்கார யாருக்கு ஆசை? 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, கிளெரிக் தயாராக வைத்திருக்கும் பெரும்பாலான மந்திரங்களை நினைத்த மாத்திரத்தில் குணமாக்கும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. அதே பதிப்பில் ஒரு மந்திரக்கோல். விலை 750 பொற்காசு. ஐம்பது தடவை பயன்படும், ஒவ்வொரு தடவையும் எட்டு முகப் பகடையோடு ஒன்று கூட்டி. சராசரிக் கணக்கில் 275 புள்ளி. சண்டை முடிந்ததும் வரிசையாக நின்று கோலால் தட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். கதவைச் சாத்திக் காவல் நின்ற அந்தப் பத்து நிமிடம் ஆட்டத்திலிருந்து மறைந்தது.

2008இல் நான்காம் பதிப்பு. ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் மீளும் சக்தி இத்தனை தடவைக்கு என்று இருப்பு வைத்தார்கள். ஒரு தடவைக்கு மொத்தப் புள்ளியில் கால் பங்கு திரும்பும். முன்பு சொன்ன கணக்குச் சிக்கலை இது நேர்மையாகத் தீர்த்தது. பெரிய வீரருக்கும் கால் பங்கு, சிறியவனுக்கும் கால் பங்கு. அதே பதிப்பில் 'வார்லார்ட்' என்று ஒரு படைத்தலைவன் பாத்திரம். அவனுக்கு மந்திரமே தெரியாது. விழுந்தவனைப் பார்த்து ஓர் ஊக்கச் சொல் சொல்வான். கேட்டவனுக்குப் புள்ளி ஏறும். பலருக்கு இது பிடிக்கவில்லை. "கத்தினால் காயம் ஆறுமா?" என்று கேட்டார்கள். நானும் அன்று அவர்கள் பக்கம்தான் நின்றேன். இன்று நிற்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2014இல் ஐந்தாம் பதிப்பு. எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இழந்த புள்ளி முழுவதும் திரும்பிவிடும். நேற்று சாவின் விளிம்பில் கிடந்தவன் காலையில் முழு ஆளாக எழுந்து கவசம் மாட்டுகிறான். புள்ளி பூஜ்யமானால் இருபது முகப் பகடையை முறைக்கு ஒரு தடவை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. எது முதலில் மூன்றாகிறதோ அதுவே விதி. நல்ல பதைபதைப்பு உள்ள விதி. ஆனால் அறுபது அடி தூரத்தில் நின்றபடி ஒரே சொல்லில் நண்பனை எழுப்பும் மந்திரமும் அதே பதிப்பில் உண்டு. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தன் வேலையையும் கிளெரிக் பார்க்கலாம். ஒரு புள்ளியோடு எழுந்தவனும் முழுப் புள்ளி உள்ளவனும் ஒரே பலத்தோடு வாள் வீசுவார்கள். ஆகவே விழுவான், எழுவான், விழுவான், எழுவான். ஒரே சண்டையில் மூன்று முறை செத்துப் பிழைத்தவனைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு அடைப்பதில்லை.

இதைக் குறை சொல்ல மட்டும் நான் இங்கே நிற்கவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் ஆட வருகிறவருக்கு, பாத்திரம் படுக்கையில் கிடக்கும் ஒன்றரை வாரத்தை விதிநூல் எதற்குச் சுமத்த வேண்டும்? மெதுவாக ஆட விரும்புவோருக்கு அதே பதிப்பின் நடத்துநர் நூல், நீள ஓய்வை ஏழு நாளாக்கிக்கொள்ளும் மாற்று விதியும் தந்திருக்கிறது. சரி. ஆனாலும் ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது. அது என்ன?

ஆங்கில எழுத்தாளர் டோல்கினின் கதையை நினைத்துப் பாருங்கள். இந்த ஆட்டங்களுக்கெல்லாம் ஊற்றுக்கண்களில் ஒன்று அது. கதைநாயகன் ஃப்ரோடோவின் தோளில் அக்டோபர் 6 அன்று ஒரு கத்தி இறங்குகிறது. எல்ரோண்ட் என்ற மாபெரும் வைத்தியர் கத்தி முனையை எடுத்துக் காயத்தை மூடிவிடுகிறார். பயணம் முடிகிறது, போர் முடிகிறது, உலகம் தேறுகிறது. ஆனால் அடுத்த வருடம் அதே நாளில் அந்தத் தோள் மறுபடி வலிக்கிறது. கடைசியில் அந்தக் காயத்தைச் சுமந்துகொண்டுதான் அவன் கடல் தாண்டிப் போகிறான். தாளில் எழுதியிருந்தால் ஃப்ரோடோவின் ஹெச்.பி. அன்றைக்கு முழுதாக இருந்திருக்கும். ஆனால் ஆறவில்லை.

ஆறவில்லை. அந்தச் சொல்லுக்கு வந்துவிட்டோம்.

தமிழில் புண் ஆறும். கொதிக்கிற காப்பியும் ஆறும். கோபம் ஆறும். பசி ஆறும், மலேசியத் தமிழர் வீடுகளில் காலையில் "பசியாறிட்டீங்களா" என்றுதான் கேட்பார்கள். நடந்து களைத்தவர் திண்ணையில் இளைப்பாறுவார். துக்க வீட்டில் நாம் சொல்வது ஆறுதல். சதை, சூடு, சினம், பசி, களைப்பு, துயரம் எல்லாவற்றுக்கும் ஒரே வினை. உடம்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று நம் முன்னோர் தனித்தனியாகச் சொல் வைக்கவில்லை. கைகாக்ஸ் நீளமாக விளக்க வேண்டியிருந்த கலவையை, கொஞ்சம் சதை, கொஞ்சம் தெம்பு, கொஞ்சம் துணிவு சேர்ந்த அந்த ஒன்றை, இந்தச் சொல் இயல்பாகவே தாங்கிக்கொண்டிருக்கிறது. அதிர்ஷ்டம் ஆறும் என்று நாம் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் அடிமேல் அடி வாங்கியவன் மனசு ஆறினால் கை நடுக்கம் நிற்கும். கை நடுக்கம் நின்றவனைத்தான் அதிர்ஷ்டசாலி என்கிறோம். வார்லார்டின் ஊக்கச் சொல்லை நான் இன்று ஏற்பது இதனால்தான். ஆறுதல் சொல்லி ஆளைத் தேற்றலாம் என்பது தமிழ் பேசுகிறவனுக்குப் புதிதா?

இதே வினையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 'ஆறு' தன்வினை. 'ஆற்று' பிறவினை. காப்பி தானாக ஆற நேரம் வேண்டும். நேரம் இல்லையென்றால் ஒருவர் டம்ளரும் டவராவும் எடுத்து ஆற்ற வேண்டும். ஆறுவதற்குக் காலம் வேண்டும், ஆற்றுவதற்குக் கை வேண்டும். ஆட்டத்தின் குணமாக்குதல் முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும். படுக்கையில் கிடந்து தேறுவது ஆறுதல். கிளெரிக் பக்கத்தில் மண்டியிடுவது ஆற்றுதல். இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டத்தில் எழுதும் எண்ணுக்கு உயிர் இருக்கும். வரிசையில் நின்று தட்டிக்கொண்ட மந்திரக்கோலில் காலமும் இல்லை, கையும் இல்லை. அங்கே எண் மட்டும் ஏறுகிறது.

இரண்டும் சேர்ந்த காட்சி நம் புறநானூற்றில் உண்டு. போரில் புண்பட்டு வந்தவன் வீட்டில் படுத்திருக்கிறான். கூரை விளிம்பில் இரவ மரத்தழையும் வேப்பிலையும் செருகியிருக்கிறார்கள். யாழ் இசைக்கிறது, குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள். வெண்கடுகைத் தூவி, நறும்புகை போட்டு, காஞ்சிப் பண் பாடி, பெண்கள் அவனைக் காக்கிறார்கள். அரிசில் கிழார் பாடியது. மருந்து, மணம், இசை, காவல் எல்லாம் ஒரே படுக்கையைச் சுற்றி. புண்ணும் பயமும் ஒருசேர ஆற வேண்டியவை என்று அந்த வீட்டுக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

கடைசியாக எங்கள் மேசையில் நடந்த ஒன்று. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா ஆடுகிறார். தொழில், மருத்துவமனையில் செவிலியர். அவருக்குக் கிளெரிக் பாத்திரம். கல்லூரி மாணவர் ஒருவர் வாள்வீரர். ஒரு ஞாயிறு, குகைக்குள் பெரிய சண்டை. வீரனின் புள்ளி முப்பத்தொன்றிலிருந்து ஆறுக்கு இறங்கிவிட்டது. சண்டை முடிந்ததும் தம்பி சாதாரணமாக, "அக்கா, ஒரு க்யூர் போடுங்க" என்றார். அக்கா பகடையைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டார்: "எங்க தம்பி வலிக்குது?"

அவரிடம் பதில் இல்லை. இருபத்தைந்து புள்ளி போயிருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது. தாளைப் பார்த்தார். தாளில் அது எழுதியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தோள்ல" என்றார். பிறகு மெதுவாக, "கேடயம் பிடிச்ச தோள்ல. அந்தக் கடைசி அடியைத் தடுத்தப்போ" என்றார். அப்போதுதான் எங்களுக்கும் நினைவு வந்தது. அந்தக் கடைசி அடி அக்காவின் பாத்திரத்தின்மேல் விழ வேண்டியது. அக்கா கவசத்தின் வாரை அவிழ்ப்பதாகச் சொன்னார். தண்ணீர் கேட்டார். மந்திரவாதியாக ஆடும் நான் பந்தத்தைப் பிடிப்பதாகச் சொன்னேன். அதன் பிறகே பகடை உருண்டது. விழுந்தது மூன்று. அன்றைக்கு யாரும் அந்த மூன்றைக் குறைவென்று சொல்லவில்லை.

விதிநூலில் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தத் தோள் கதைக்குள் இருந்தது. மழைக்காலப் பயணத்தில் வலித்தது. மாதங்கள் கழித்து மலையேறும்போது, "நான் கயிறை வலக்கையில பிடிச்சுக்கறேன்" என்று தம்பி தானாகவே சொன்னார்.

இங்கே இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். சிலர் இந்த ஆட்டத்தை இனிமேல் தொடங்கலாம். எந்தப் பதிப்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த எண்ணை வேண்டுமானாலும் அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். குணமாக்கும் முறை உங்களுக்கு வரும்போது மட்டும் பகடையை ஒரு நொடி கைக்குள் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.